குனியாத முத்திரை

மன்றத்தின் முப்பத்திரண்டாவது கூட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள்: தலைவர் தொகாஷி, பிரிவு அதிகாரி நுகுமிசு, எழுத்தர் இசோபே, கரடி உடைக்குள் ஒகிதா, மனுதாரர் ஹிராகா குனிஹிகோ, குழந்தைப் பிரதிநிதி. இந்த ஆறு பேரைத் தவிர ஏழாவது ஆள் அந்த அறையில் இல்லை. தாமும் அங்கே இருந்ததாகப் பின்னால் ஊரில் சொல்லிக்கொண்டவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் இல்லை.

குழந்தைப் பிரதிநிதியைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. அது ஒரு நாற்காலி.

'குழந்தைகளைப் பற்றிய எந்த முடிவும் குழந்தை இல்லாமல் எடுக்கப்படலாகாது' என்பது மன்ற விதிகளின் மூன்றாம் பிரிவு. குழந்தை கிடைக்கவில்லை. ஆகையால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு சின்ன நாற்காலியைத் தூக்கிவந்து மேசையோரம் போட்டு, பெயரட்டை வைத்து, ஒரு தம்ளர் பாலும் வைத்தார்கள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் தலைவர் அந்த நாற்காலியைப் பார்த்து, "மறுப்பு உண்டா?" என்று கேட்பார். மூன்று வினாடி காத்திருப்பார். 'குழந்தைப் பிரதிநிதி மறுப்புத் தெரிவிக்கவில்லை' என்று இசோபே எழுதிக்கொள்வாள். அதற்குள் பாலில் ஆடை படிந்திருக்கும். முப்பத்தொரு கூட்டங்கள் இப்படி நடந்திருந்தன.

மன்றத்தின் முழுப்பெயர், உலகக் குழந்தைகள் நோய்த்தணிப்புப் பராமரிப்பு அணுகல் மேம்பாட்டு மன்றம், ஓரோசே பள்ளத்தாக்கு. ஆறாத நோய் கண்ட குழந்தைகள் வலியில்லாமல் இருக்க வேண்டும், அதற்கான மருந்தும் தாதியும் அவர்கள் வீட்டு வாசலுக்கே வர வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஹிராகா குனிஹிகோவுக்கு எழுபத்தெட்டு வயது. எடை அளவுச் சோதனை அதிகாரியாக முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். மீன்கடைத் தராசின் முள் மயிரிழை சாய்ந்திருந்தாலும் கடையைப் பூட்டிவிட்டுப் போவார். அவர் நடந்து வந்தால் மளிகைக்காரர்கள் தங்கள் முதுகைத்தான் முதலில் நிமிர்த்துவார்கள், பிறகுதான் தராசை. மகள் மிஹோகோ மணமுறிவு பெற்றுக் கைக்குழந்தையோடு வீடு திரும்பிய நாளில் ரயிலடிக்குத் தாமே போய், தெரு முழுக்கப் பார்க்கும்படி அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவீதியில் நடந்து வந்தார். ஒரு வாயும் திறக்கவில்லை. ஹிராகா வீட்டின் மானம் அப்படிக் காக்கப்பட்டது.

அந்தக் கைக்குழந்தைதான் சிகுசா. இப்போது அவளுக்கு ஒன்பது வயது. எலும்பில் வந்த நோய். மாவட்டத் தலைநகரத்து மருத்துவமனையில் பதினான்கு மாதம் இருந்துவிட்டு, ஜனவரிப் பனியில் வீட்டுக்கு வந்துவிட்டாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் இருக்க அவள் ஆசைப்படுகிறாள் என்றார் மருத்துவர். வாசலில் நிற்கும் உமே என்ற பிளம் மரம் பனிக்காலக் கடைசியில் பூக்கும்வரை இருப்பது சந்தேகம் என்றும், வலிக்கு மார்ஃபின் தேவைப்படும் என்றும், அதற்கு உங்கள் பள்ளத்தாக்கிலேயே ஏற்பாடு இருக்கும் என்றும் சொன்னார். கையில் ஒரு மருந்துப் புட்டியைக் கொடுத்தார். முதல் வாரம் ஒரு மூடி மருந்து ஆறு மணி நேரம் தாங்கியது. மூன்றாம் வாரம் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

சிகுசா கத்தமாட்டாள். அதுதான் அந்த வீட்டில் இருக்க முடியாமல் செய்தது. கதவுக்கு அந்தப் பக்கம் துணியை அறுப்பது போல ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். பற்களுக்கிடையே சட்டைக் கையை வைத்துக் கடிக்கிற சத்தம். மிஹோகோ வாரத்துக்கு இரண்டு சட்டை தைத்துப் போட்டாள். சுவரிலிருந்தும் தரைப் பாயிலிருந்தும் தேநீர்க் கெட்டிலிலிருந்தும் அந்தச் சத்தம் வருவதாகக் குனிஹிகோவுக்குத் தோன்ற ஆரம்பித்தது. கெட்டிலை மாற்றச் சொன்னார். மாற்றினாள். சத்தம் மாறவில்லை.

ஓரோசே பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு மேல் கிழவர்கள். அவர்களைக் கவனிக்க மூன்று நிலையங்கள், மூன்று வேன்கள். மூன்றாம் வீட்டுப் பெரியவருக்குத் தொண்ணூற்று மூன்று வயது, ஈரல் புற்று. தாதி வகுயி தினமும் காலையில் அவருக்காகச் சின்னப் பம்ப்பும் மருந்துமாக ஹிராகா வீட்டு வாசலைத் தாண்டிப் போவாள். ஒரு நாள் குனிஹிகோ பனியில் இறங்கி வேனுக்கு முன்னால் நின்றார்.

"ஹிராகா ஐயா, வழுக்குது, ஓரமா நில்லுங்க!" என்று கண்ணாடியை இறக்கினாள் வகுயி.

"உள்ள வந்து என் பேத்தியப் பாரும்மா. அஞ்சு நிமிஷம்."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? தினமும் இந்த வாசல்கிட்ட வந்தா கால் தானா பிரேக்குக்குப் போகுது. ஆனா வயசுக் கட்டத்துல நாப்பதுக்குக் கீழ போட்டா எங்க கம்ப்யூட்டர் ஏத்துக்கறதில்ல. ஒரு தடவை ஒன்பதுன்னு அடிச்சுப் பார்த்தேன். 'தொண்ணூறா?'ன்னு கேட்குது."

"தொண்ணூறுன்னே போடேன்."

"மருந்தளவும் தொண்ணூறுக்கு வந்துடும், ஐயா." அவள் குரல் தாழ்ந்தது. "குழந்தைங்களுக்குன்னே ஒரு மன்றம் இருக்கு. பழைய ஆரம்பப் பள்ளிக்கூடத்துல. அவங்க ஒரு கடுதாசி குடுத்தாப் போதும், அன்னிக்கே வந்துடறேன். ஓடி வந்துடறேன்."

குழந்தைகள் இல்லாமல் மூன்று வருஷத்துக்கு முன் மூடப்பட்ட பள்ளிக்கூடத்தில்தான் குழந்தைகளுக்கான மன்றம் இருந்தது. நுழைவாயிலில் செருப்பு மாடங்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு மாடத்திலும் கடைசியாகப் படித்த பிள்ளையின் பெயர் ஒட்டியிருந்தது. குனிஹிகோ பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டு இடம் தேடினார். கீழ்வரிசையில் 'ஹிராகா சிகுசா' என்று இருந்தது. வேறு மாடங்கள் காலியாகத்தான் இருந்தன. ஆனாலும் அவர் அதில்தான் வைத்தார். சப்பாத்து பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

வரவேற்பு மேசையில் இருந்த இசோபே எழுந்து, குனிந்து, கொட்டாவியை விழுங்கி, "நன்கொடையா, பார்வையிட வந்தீங்களா?" என்றாள்.

"விண்ணப்பம்."

"எதுக்கு?"

"குழந்தைக்கு."

அவள் முகம் வெளுத்தது. "நிஜக் குழந்தையா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே ஓடினாள்.

அலமாரிகளில் எல்லா விதமான படிவங்களும் இருந்தன. கருத்துக் கணிப்புப் படிவம், கரடியை விழாவுக்கு அழைக்கும் படிவம், வெளிநாட்டு விருந்தினர் உணவுப் படிவம். குழந்தைக்கு மருந்து கேட்கும் படிவம் மட்டும் இல்லை. மூன்று வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. பிரிவு அதிகாரி நுகுமிசு வந்தார். வெந்நீர் ஒத்தடம் போன்ற ஆள். தொட்ட இடமெல்லாம் இதமாக இருக்கும், நோய் மட்டும் அப்படியே இருக்கும். குனிஹிகோவை ஒரு உலக வரைபடத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். அதில் நூற்றுக்கணக்கான சிவப்பு ஊசிகள்.

"இதெல்லாம் எங்க மன்றம் உரையாற்றின ஊருங்க, ஹிராகா சான். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, பாருங்க, இங்க ஒரு தீவுல கூட. உலகத்துல வலியோட இருக்கற குழந்தைங்கள்ல நூத்துல அஞ்சு பேருக்குக்கூட மருந்து எட்டலைன்னு பேசறோம். கேட்டவங்க அழுதுடறாங்க."

"ஓரோசே எங்க இருக்கு?"

நுகுமிசு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஜப்பானில் ஊசி இல்லை. "நம்ம ஊர்ல ஒரு குறைகூட வந்ததில்லையே!" என்றார் பெருமையாக. "பயனாளி இருந்தாத்தானே குறை வரும். இதை நல்ல முன்மாதிரின்னு போன வருஷம் அறிக்கையிலேயே போட்டிருக்கோம். சரி, ஏப்ரல்ல புது நிதியாண்டு. அதுவரைக்கும் பேத்தி காத்திருப்பாங்களா?"

"உமே பூக்கறதையே பார்க்கமாட்டாள்னு சொல்றார் மருத்துவர்."

நுகுமிசு தலையாட்டி, குறிப்பேட்டில் எழுதினார். தராசு முள்ளைத் தலைகீழாகவும் படித்துப் பழகியவர் குனிஹிகோ. நுகுமிசு எழுதியதையும் தலைகீழாகவே படித்தார். 'மனுதாரர் குடும்பத்துக்குப் பூக்களில் நாட்டம் உண்டு.'

படிவம் அச்சாவதற்குள் ஆறுதல் வரவேண்டுமே என்று மன்றம் தன் சின்னமான வேடக் கரடியை அனுப்பியது. மஞ்சள் நிறம், தொப்பை, கன்னத்தில் இரண்டு ரோஜா வட்டம். கரடி பேசக்கூடாது என்பது கண்டிப்பான விதி. பேசினால் மாயை கலைந்துவிடும். அது சிகுசாவின் படுக்கையருகே இரண்டு முறை சுழன்று, கையாட்டி, வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டது.

சிகுசா சட்டைக் கையை வாயிலிருந்து எடுத்தாள். "உள்ள யாரு?"

கரடி கையாட்டியது.

"உள்ள இருக்கறவங்களுக்கு வேர்க்குது. கழுத்தோரம் ஈரமா இருக்கு. அம்மா, அவங்களுக்குத் தண்ணி குடு."

கரடி கையாட்டுவதை நிறுத்தியது. பிறகு இரண்டு கையாலும் தன் தலையைக் கழற்றிப் பாயில் வைத்தது. ஐம்பத்தெட்டு வயது ஒகிதா, வழுக்கைத் தலையில் ஆவி பறக்க, மண்டியிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அப்போது வலி வந்தது. சிகுசா கரடிக் கையைப் பிடித்துக்கொண்டு, பஞ்சு அடைத்த அந்தக் கட்டைவிரலைக் கடித்தாள். ஒரு சத்தமும் இல்லை. அது தீர்ந்த பிறகு, "உங்களுக்கு வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அது வெறும் பஞ்சு," என்றார் ஒகிதா.

வெளியே வந்து கரடித்தலையை மாட்டிக்கொள்ள அவரால் முடியவில்லை. உச்சியில் பனி விழ, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போனார். மன்றத்தின் பதிவேட்டில் அன்று: 'பயனாளி திருப்தி, ஐந்துக்கு ஐந்து.'

அடுத்து வலியளவுத் தாள் வந்தது. உலகமெங்கும் குழந்தைகளிடம் காட்டுகிற தாள்தான். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும், குழந்தை விரலால் தொட்டுக் காட்டும். ஆனால் மன்றத்தின் விளம்பரக் குழு, அழும் முகங்கள் மன்றத்தின் தோற்றத்துக்கு ஒத்துவரவில்லை என்று நீக்கிவிட்டிருந்தது. மிச்சமிருந்தவை மூன்று: சிரிப்பு, பெரிய சிரிப்பு, மிகப் பெரிய சிரிப்பு.

"எதையாவது தொடணும்மா," என்றாள் மிஹோகோ.

சிகுசா வெகுநேரம் பார்த்தாள். பென்சிலை வாங்கி ஓரத்தில் தானே ஒரு வட்டம் போட்டாள். இரண்டு கண் வைத்தாள். வாய் போடவில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தத் தாளை உறையில் போடும்வரை குனிஹிகோ அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. உறையில் போட்ட பிறகும் அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் படிவம் வந்தது. அடியில், கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கிற பெயர் முத்திரைகளுக்கு வரிசையாகக் கட்டங்கள். இடக்கோடியில் தலைவருக்கு, வலக்கோடியில் மனுதாரருக்கு, நடுவில் மற்றவர்களுக்கு. குனிஹிகோ மேசையைத் துடைத்து, கொள்ளுத்தாத்தா காலத்து மர முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு, மூச்சை நிறுத்திப் பதித்தார். தூக்குக்குண்டு பிடித்தாற்போல நேராக விழுந்தது. அன்றே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒன்பது நாள் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் போனார். ஒவ்வொரு நாளும் சப்பாத்தை அதே மாடத்தில் வைத்தார். "பரிசீலனையில இருக்கு" என்றார்கள். மூன்று மணிக்குப் பழைய பள்ளி மணி ஒலிபெருக்கியில் தானாக அடிக்கும். அதை நிறுத்தத் தெரிந்தவர் யாருமில்லை. மணி அடித்ததும் தாழ்வாரத்தில் ஒரு நொடி எல்லோரும் கதவுகளைப் பார்ப்பார்கள். யாரும் ஓடி வரமாட்டார்கள். மறுபடி தட்டச்சுச் சத்தம் கேட்கும்.

பத்தாம் நாள் இசோபே அவரைக் கை கழுவும் தொட்டியருகே கூட்டிக்கொண்டு போனாள். அது அவர் முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தது.

"ஹிராகா ஐயா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்க முத்திரை நேரா இருக்கு."

"நேராத்தான் இருக்கும்."

"அதான் பிரச்சினை." அவள் ஒரு பழைய காகிதத்தை எடுத்துக் காட்டினாள். கரடி உடைக்கு மின்விசிறி வாங்கிய உத்தரவு. இடக்கோடியில் தலைவரின் முத்திரை நிமிர்ந்து நின்றது. அடுத்தது அவரை நோக்கி லேசாகச் சாய்ந்திருந்தது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். பதவி இறங்க இறங்கச் சாய்வு கூடி, ஒரு தாழ்வாரத்தில் வரிசையாக நின்று வணங்கும் ஆட்களைப் போல இருந்தது. "முத்திரையும் பெரியவங்களுக்குக் குனியணும். கடைசிக் கட்டம் உங்களோடது, அதுதான் அதிகம் குனியணும். அது விறைப்பா நிக்கறப்போ மத்தவங்க பக்கத்துல போட்டா, எல்லாருமே ஏதோ கோணலாப் போட்ட மாதிரி ஆயிடுது. அதனால யாரும் போடல. உங்க கடுதாசி தட்டுலயே கிடக்கு."

"எந்த விதியில இருக்கு இது?"

"எதுலயும் இல்ல, ஐயா. எழுதினா அப்புறம் அது மரியாதை இல்லையே, கட்டாயமாயிடுமே!"

புதிய படிவத்தை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அதை மேசைமேல் வைத்துக்கொண்டு அன்று மாலைவரை உட்கார்ந்திருந்தார் குனிஹிகோ. அவருடைய தகப்பனார் கடைசிக் காணியை விற்றபோதுகூட அந்த முத்திரை நேராகத்தான் விழுந்தது. சாய்ந்த அளவை அவர் முப்பத்தாறு வருஷம் பொய் என்றே பதிவு செய்தவர்.

"கொஞ்சம் சாய்ச்சா என்னப்பா?" என்றாள் மிஹோகோ.

"இது நம்ம வீடு. முத்திரை இல்ல, வீடு."

"அப்ப அந்த ரூம்ல படுத்திருக்கறது என்ன? அது வீடு இல்லையா?"

"நாளைக்குப் பார்க்கலாம்."

"உங்களுக்கு நாளைக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் தையல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் புதன். மதியம் அவர் சிகுசாவின் பக்கத்தில் காவலிருந்தார். வலி ஓய்ந்திருந்த இடைவெளியில் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"தாத்தா, நான் கத்தினா நம்ம வீட்டுக்கு அவமானமா?"

அவருக்குப் புரிய கொஞ்ச நேரமாயிற்று. அவளுக்கு ஐந்து வயதில் தடுப்பூசி போட்ட நாள் நினைவுக்கு வந்தது. கிராமமே வரிசையில் நின்றது. பிள்ளைகளெல்லாம் அலறின. அவர் இவள் காதோரம் குனிந்து, 'ஹிராகா வீட்டுப் பிள்ளைகள் ஊர் கேட்க அழமாட்டார்கள்' என்று சொன்னார். இவள் அழவில்லை. அதை அவர் பத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான் குழந்தை பதினாறு மாதமாகப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றார். "கத்தும்மா. கத்து."

அவள் முயன்றாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"பழக்கமில்ல தாத்தா," என்றாள், மன்னிப்புக் கேட்பது போல.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் பள்ளியின் இசை அறையில் முப்பத்திரண்டாவது கூட்டம் கூடியது. மன்றத்தின் முதல் மனுதாரர் என்பதால் குனிஹிகோவுக்குச் சிறப்பு அழைப்பு. கரடிக்கும் இடம் போட்டிருந்தார்கள், புகைப்படத்துக்காக. பால் தம்ளர் வைக்கப்பட்டது. தலைவர் தொகாஷி எழுந்தார். குரலைச் சரிசெய்தார்.

"போன வருஷம் நான் பதினோரு நாட்டுக்குப் போனேன். எங்க போனாலும் ஒரே கேள்வி. 'தொகாஷி சான், குழந்தைக்கும் மருந்துக்கும் நடுவுல என்னதான் இருக்கு?' தூரமா? சட்டமா? ஆள் பற்றாக்குறையா? நான் நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன்: 'குழந்தைக்கும் மருந்துக்கும் நடுவுல நாங்க இருக்கோம்!' எழுந்து நின்னு கைதட்டினாங்க. அஞ்சு நிமிஷம். மொழிபெயர்க்கற பொண்ணு அழுதுட்டா."

நுகுமிசு கைதட்டினார். கரடியின் கைகள் மடியிலேயே இருந்தன.

"இன்னிக்கு நம்ம பள்ளத்தாக்குக்கே ஒரு குழந்தை கிடைச்சிருக்கு," என்று தொடர்ந்தார் தலைவர். "பாக்கியம். அவசரப்பட்டு இதைக் கெடுத்துடக் கூடாது. ஒரு குழந்தைக்கு அவசரமாச் செஞ்சா அது வெறும் உதவி. ஒழுங்காச் செஞ்சா அது முன்னுதாரணம். ஹிராகா சான், படிவத்துல ஏதோ சின்ன விஷயம் பாக்கின்னு கேள்விப்பட்டேன். என்னன்னு எனக்குத் தெரியாது."

குனிஹிகோ புதிய படிவத்தை மேசைமேல் விரித்தார். முத்திரைப் பெட்டியைத் திறந்தார்.

"எவ்வளவு சாய்க்கணும்?" என்று கேட்டார்.

"எதை?" என்றார் தலைவர்.

"முத்திரையை."

"ஐயையோ! அப்படியெல்லாம் ஒரு விதியும் இல்லையே, ஹிராகா சான்!" நுகுமிசு இரண்டு கையையும் விசிறினார். "உங்க மனசு எப்படியோ அப்படி. மரியாதைங்கறது உள்ளேயிருந்து வரணும்." சொல்லும்போதே அவர் கண் வலக்கோடிக் கட்டத்தில் இருந்தது. தலைவரின் கண்ணும் அங்கேதான் இருந்தது.

"நான் அளவைக்காரன். விதி இல்லாம வேலை பார்ப்பேன், அளவு இல்லாம பார்க்கமாட்டேன். குறைச்சலாப் போட்டா இன்னொரு ஒன்பது நாள் தட்டுல கிடக்கும். எத்தனை டிகிரி?"

இசோபே பேனாவைப் பார்த்தாள். பாலின் மேல் சுருக்கம் விழுந்தது.

"முப்பது, ஐயா," என்றது கரடி.

நுகுமிசு துள்ளி எழுந்தார். "கரடி பேசக் கூடாது!"

"பிரிவு அதிகாரிக்குப் பத்து, இசோபேக்கு இருபது, மனுதாரருக்கு முப்பது," என்றது கரடி, குரல் பஞ்சுக்குள் அடைபட. "நான் அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கேன். நீங்க யாரும் பார்த்ததில்ல."

"இது குறிப்புல ஏறக் கூடாது," என்றார் தலைவர். "சின்னம் பேசினதா எழுதினா உலக அளவுல கேள்வி வரும்."

"யார் சொன்னதா எழுதட்டும், தலைவரே?" என்றாள் இசோபே.

தலைவர் யோசித்தார். "குழந்தைப் பிரதிநிதின்னு போடு."

அப்படித்தான் எழுதப்பட்டது. மூன்று வருஷத்தில் அந்த நாற்காலி பேசியதாகப் பதிவானது அந்த ஒரு முறைதான்.

குனிஹிகோ சட்டைப்பையிலிருந்து பழைய பித்தளைக் கோணமானியை எடுத்தார். கட்டத்தின் அடிக்கோட்டில் வைத்தார். பென்சிலால் மிக மெல்லிய கோடு ஒன்று போட்டார். முத்திரையை மையில் தொட்டார். அந்தச் சின்ன மரத்துண்டுக்குள் மூன்று தலைமுறை நிமிர்ந்து நின்று தம்மைப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. அவர்களில் யாராவது தடுப்பார்கள் என்று ஒரு கணம் காத்திருந்தார். யாரும் தடுக்கவில்லை. அவர்களும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. பென்சில் கோட்டின்மேல் பொருத்தி, அழுத்தி, மூன்று வரை எண்ணி, எடுத்தார்.

"அடடா," என்றார் தலைவர் உருகிப்போய். "என்ன அழகான முத்திரை!"

அதற்குப் பிறகு நான்கு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. இருபது, பத்து, பிறகு தலைவருடையது நேராக. மூன்று வருஷமும் பத்து நாளும் ஆகாமல் கிடந்த வேலை அவ்வளவுதான். புகைப்படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். குனிஹிகோ அதற்குள் தாழ்வாரத்தைத் தாண்டி வெளியே இறங்கியிருந்தார். இசோபே செருப்பில்லாமல் பனியில் ஓடிவந்து கடிதத்தின் நகலை அவர் கையில் கொடுத்தாள்.

வகுயி சொன்ன சொல் தவறவில்லை. வெளிச்சம் போவதற்குள் வந்துவிட்டாள். விரலளவு பம்ப் ஒன்றைச் சிகுசாவின் தோளருகே பொருத்தினாள். அரை மணி நேரத்தில் சட்டைக் கை அவள் வாயிலிருந்து தானாக நழுவியது. மிஹோகோ அதைப் பிழிந்து கொடியில் போட்டாள். வீட்டில் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. அது கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும்தான்.

சிகுசா பதினோரு நாள் இருந்தாள். பிளாஸ்டிக் சட்டியில் பனியை நிரப்பிக் கொண்டுவரச் சொல்லிப் பிசைந்தாள். மாண்டரின் ஆரஞ்சின் ஒரு சுளையைப் பாதியாக்கித் தின்றாள். ஒகிதா கரடித்தலை இல்லாமல் இரண்டு முறை வந்து அவளிடம் சீட்டாட்டத்தில் தோற்றார். ஏழாம் நாள் துணி மாற்றப் புரட்டும்போது எங்கோ இடறி வலித்துவிட்டது. அவள், "வலிக்குது!" என்று கத்தினாள். பள்ளத்தாக்கே கேட்கும்படி, முழுக் குரலில், இரண்டு தடவை. மூன்றாம் வீட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்து வாசலில் நின்று, என்ன என்று கேட்டார்கள். குனிஹிகோ வெளியே போய், "என் பேத்திக்கு வலிச்சுது, கத்தினா," என்று சொன்னார். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பி வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "நல்லாக் கத்தின," என்றார்.

"கேட்டுச்சா?" என்றாள் அவள்.

"கோடிவரைக்கும் கேட்டுச்சு."

பன்னிரண்டாம் நாள் முற்பகலில் தூக்கத்திலேயே போனாள். உமே பூக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

மன்றம் உலக வரைபடத்தில் ஓரோசேயில் ஒரு ஊசி குத்தியது. வசந்தகால மாநாட்டில் தலைவர் அந்தப் படிவத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அணுகலை மேம்படுத்துவதில் மன்றத்தின் முதல் வெற்றி என்றார். வலக்கோடி முத்திரையை விரலால் சுட்டி, 'இதுதான் எங்கள் மக்களின் பண்பு' என்றாராம். எழுந்து நின்று கைதட்டினார்கள் என்கிறார்கள்.

திரையில் பார்த்தவர்கள் வழியாக விஷயம் ஹிராகா குலத்தின் மற்றக் கிளைகளுக்கும் எட்டியது. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு வந்த உறவினர்கள் வருத்தப்பட்டார்கள். பிறகு தங்களுக்குள் கூடிப் பேசி, கௌரவமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். குனிஹிகோவுக்கு எழுபத்தெட்டு வயது ஆகிவிட்டது, துக்கம் வேறு, கை நடுங்கிவிட்டது, அதனால்தான் முத்திரை சரிந்து விழுந்தது என்று ஊரில் சொல்லிவருகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள்.

அது உண்மையல்ல. அவர் கை நடுங்கவில்லை. அவர்தான் சாய்த்தார்.